அலைவரிசை யாருடைய சொத்து?

கேள்வி: இலங்கையில் ரிமோட்டை அமுக்கினால் எத்தனையோ தொலைக்காட்சிகள். எல்லோர் கையிலும் ஸ்மார்ட்போன். இன்னமும் 'தகவல் பெறும் வழி வேண்டும்' என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்களே, எதற்கு?

பதில்: 2022 ஏப்ரல் 3 ஞாபகம் இருக்கிறதா? அரசுக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கவிருந்த நாள். காலையில் எழுந்தால் பேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப் எதுவும் திறக்கவில்லை. போன் கையில்தான் இருந்தது, டேட்டாவும் இருந்தது. பாதுகாப்பு அமைச்சு கேட்டது, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தடுத்தது. எதிர்ப்பு கிளம்பவும் பிற்பகலிலேயே திறந்துவிட்டார்கள்.

2018இல் கண்டிப் பக்கம் திகனவில் முஸ்லிம்களுக்கு எதிராக நடந்த வன்முறையின்போதும், 2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலுக்குப் பிறகும் இதே தடைதான். வதந்தியை நிறுத்த வேண்டாமா என்பீர்கள். சரி, நிறுத்தத்தான் வேண்டும். ஆனால் குண்டு வெடித்த அன்று பிள்ளை எங்கே என்று தேடும் தாய்க்கும் அதே வாட்ஸ்அப்தான் இருக்கிறது.

செய்தி கிடைக்காமல் இருப்பது எப்படி என்று 1990களில் யாழ்ப்பாணத்தில் இருந்தவர்களைக் கேளுங்கள். போர்க்காலம், மின்சாரம் இல்லை. பற்றரி கொண்டுபோகத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். ஒருவர் சுற்ற, அயலெல்லாம் கூடிநின்று பிபிசி தமிழோசை கேட்கும். கை ஓய்ந்தால் குரலும் ஓய்ந்துவிடும், அடுத்தவர் வந்து சுற்றுவார். ஒரு செய்திக்காக அத்தனை பாடு பட்டவர்களிடம் போய், இன்று சேனல்களின் எண்ணிக்கையைக் காட்டி 'போதும்' என்று என்னால் சொல்ல முடியாது.

1997இல் ஒலிபரப்பு அதிகாரசபைச் சட்டமூலத்தை ஆராய்ந்த உயர் நீதிமன்றம், வானொலியும் தொலைக்காட்சியும் பயன்படுத்தும் அலைவரிசைகள் பொதுச் சொத்து, அவற்றை ஒழுங்குபடுத்தும் சபை அரசின் பிடியில் இருக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. அந்தச் சட்டமூலம் அதோடு நின்றுபோனது. அப்புறம்? நீதிமன்றம் சொன்ன மாதிரி ஒரு சுயாதீனச் சபை இன்றுவரை அமையவில்லை. தொலைக்காட்சிக்கு அனுமதிப்பத்திரம் கொடுப்பது 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிச் சட்டத்தின்படி அமைச்சர்தான். போதாக்குறைக்கு 2024இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வேறு. இணையத்தில் எதை நீக்கலாம் என்று பார்க்க ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு, அவர்களை நியமிப்பவர் ஜனாதிபதி.

எத்தனை சேனல் என்று நீங்கள் எண்ணுகிறீர்கள். அவற்றை அணைக்கும் விசை யார் கையில் என்று நான் பார்க்கிறேன். அது மக்களுக்குப் பதில் சொல்லும் ஒரு சபையின் கைக்கு வரும்வரை எழுதுவேன்.