டீச்சரிடம் கேளுங்கள்: மீலாது அன்று என்ன செய்வீர்கள்?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் மேலப்பாளையத்துத் தோழி ஒருவர் இருக்கிறார். மீலாது நபி அன்று அவர்கள் வீட்டில் கேக் வெட்டுவார்களா, புத்தாடை உடுத்துவார்களா? கேட்கக் கூச்சமாக இருக்கிறது, டீச்சர்.
- ஒரு வாசகி, வீரவநல்லூர்

பதில்: என்னிடம் கேட்டதை அவரிடமே கேட்டிருந்தால் இந்நேரம் விருந்துக்கு அழைப்பு வந்திருக்கும் அம்மா. போகட்டும். மீலாது நபிகள் நாயகத்தின் பிறந்தநாள்தான், ஆனாலும் கேக் இல்லை, மெழுகுவத்தி இல்லை. புத்தாடை பெருநாளுக்குத்தான். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள் என்று எங்களுக்கு அது வருடத்தில் இரண்டே. மீலாது அந்தக் கணக்கில் சேராது. அதற்கென்று தனித் தொழுகையும் கிடையாது.

நாட்காட்டியில் ஒரு நாள்தான் சிவப்பாகத் தெரியும். நான் வளர்ந்த பேட்டை வீட்டிலோ ரபீயுல் அவ்வல் மாதத்தின் முதல் பிறை தெரிந்த இரவே தொடங்கிவிடும். பன்னிரண்டாம் பிறை வரை ஓயாது. அந்தி நேர மஃரிப் தொழுகை முடிந்ததும் உம்மா கூடத்தைப் பெருக்கிப் பத்தமடைப் பாய் விரித்து, அதன்மேல் வெள்ளைத் துணி போடுவார். நடுவில் ஓதும் பலகை, சாம்பிராணிச் சட்டி, பன்னீர்ச் செம்பு. தெருப் பெண்கள் முக்காடிட்டு வந்து வட்டமாக உட்கார்ந்ததும் சுப்ஹான மவ்லிது ஆரம்பமாகும். நபிகள் நாயகத்தின் பிறப்பையும் குணங்களையும் சொல்கிற, உரைநடையும் பாட்டும் கலந்த அரபு நூல் அது. உரையை ஒருவர் ஓதுவார். பாட்டு வந்தால் அத்தனை பேரும் சேர்ந்துகொள்வார்கள். பிறகு எல்லாரும் எழுந்து நின்று, 'யா நபி ஸலாம் அலைக்கும்' என்று ஸலாம் சொல்வார்கள். மூட்டுவலிக்காரப் பெரியம்மாக்கள்கூடச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பிள்ளைகளாகிய எங்களுக்கு அந்த ஸலாம் வந்தாலே நிம்மதி. துஆ என்கிற பிரார்த்தனை முடிந்ததும் பொரிகடலையும் சீனியும் தேங்காய்ச் சில்லும் கைக்கு வரும்.

உம்மாவுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் அரபு எழுத்தில் தமிழை அச்சிட்ட அரபுத்தமிழ்ப் புத்தகங்களைத் தங்குதடையின்றிப் படிப்பார். ஓதலுக்கு நடுவே அதிலிருந்து ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவது அவர் பங்கு. தமிழில் பட்டம் வாங்கி வந்த பிறகும் அந்தப் பக்கத்தில் நான் எழுத்துக்கூட்டித்தான் போனேன். உம்மாவுக்கு அதில் கொஞ்சம் பெருமை.

பன்னிரண்டாம் நாள் ஆண்கள் ராஜ்யம். பள்ளிவாசலில் தோரணம், மதரசாப் பிள்ளைகள் கொடி பிடித்து, நபிகள்மீது சலவாத் என்ற வாழ்த்தைச் சொல்லிக்கொண்டு போகும் ஊர்வலம், இரவில் ஆலிம்களின் பயான், அதாவது மார்க்க அறிஞர்களின் சொற்பொழிவு. ஒலிபெருக்கியை இன்னும் கொஞ்சம் தணித்து வைத்தால் நபிகளின் கருணையைப் பற்றிப் பேசுவது இன்னும் நன்றாகக் காதில் விழும் என்பது என் தாழ்மையான அபிப்பிராயம். பகலில் நெய்ச்சோறு. சீரகச் சம்பாவை ரம்பை இலை வாசத்தோடு வேகவைத்து, தேக்சாப் பாத்திரத்தின் மூடிமேல் கங்கு அள்ளிப் போட்டு தம் விடுவார்கள். கூடவே கறி ஆணம் என்கிற கறிக்குழம்பு, கத்தரிக்காய் போட்ட தால்சா. முதல் சட்டி ஏழை வீடுகளுக்கு. அதில் பேச்சுக்கே இடமில்லை. சைவ வீட்டுக்காரர்களுக்கு என்று அரிசியும் தேங்காயும் வாழைப்பழமும் தனித் தட்டில் போகும். அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு போவது என் வேலை.

கேள்வி: மீலாது விடுமுறை ஏன் ஒவ்வொரு வருடமும் மாறி மாறி வருகிறது?
- பள்ளி மாணவர், சேரன்மகாதேவி

பதில்: நிலாக் கணக்கு, தம்பி. ஹிஜ்ரி வருடத்துக்கு 354 அல்லது 355 நாள்தான். அதனால் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முந்திக்கொண்டு வரும். தமிழ்நாட்டில் 2023இல் செப்டம்பர் 28, 2024இல் செப்டம்பர் 17, 2025இல் செப்டம்பர் 5. போகப் போக உன் கோடை விடுமுறைக்குள்ளேயே வந்து விழும், அப்போது தனி லீவு போய்விட்டதே என்று வருந்தாதே. நாடு முழுவதற்குமான விடுமுறையாக இதை அறிவித்தது 1990இல், வி.பி. சிங் பிரதமராக இருந்தபோது.

கேள்வி: மவ்லிது ஓதுவது மார்க்கத்தில் இல்லாத புதுப் பழக்கம் என்று என் தம்பி எங்கள் வீட்டு விருந்துக்கே வர மறுக்கிறான். உம்மா அழுகிறார்கள். யார் சொல்வது சரி?
- ஒரு சகோதரி, மேலப்பாளையம்

பதில்: நபித்தோழர்கள் பிறந்தநாள் விழா எடுக்கவில்லை, அதுவரை உன் தம்பி சொல்வது சரி. பிற்காலத்தில் எகிப்தை ஆண்ட பாத்திமியர் அரண்மனையில் அது நடந்திருக்கிறது. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராக்கின் இர்பில் நகரை ஆண்ட முஸப்பருத்தீன் அதை ஊர்கூடும் விழாவாக நடத்தினார். சவூதி அரேபியாவில் இன்றும் இதற்கு விடுமுறை இல்லை. ஆனால் எகிப்தின் பேரறிஞர் சுயூத்தி, இது நல்ல புதுமை, நன்மை உண்டு என்று தீர்ப்பு எழுதியிருக்கிறார். ஆக, படித்தவர்களே இரண்டு பக்கமும் இருக்கிறார்கள்; உங்கள் வீட்டுக் கூடத்தில் அது தீராது. திங்கட்கிழமை ஏன் நோன்பு வைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, 'அன்றுதான் நான் பிறந்தேன்' என்று நபிகள் சொன்னதாக, இமாம் முஸ்லிம் தொகுத்த நூலில் ஹதீஸ், அதாவது நபிமொழி, இருக்கிறது. தம்பி திங்கட்கிழமை நோன்பு வைக்கட்டும், உம்மா ஓதட்டும். நோன்பு திறக்க அவனுக்கு உம்மா கையால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கச் சொல். உம்மாவை அழவைப்பதற்கு மட்டும் எந்தத் தரப்பிலும் ஆதாரம் கிடையாது என்று நான் சொன்னதாகவே அவனிடம் சொல்.

கேள்வி: நபிகள் நாயகத்தின் பிறப்பைப் பாடும் பழைய தமிழ் நூல் உண்டா?
- ஒரு வாசகர், தென்காசி

பதில்: உண்டா என்று கேட்கிறீர்களே! உமறுப்புலவரின் சீறாப்புராணம், 5,027 பாட்டு. எட்டயபுரம் அரண்மனைப் புலவர். 1986இல் தூத்துக்குடி பிரியும்வரை அந்த ஊரும் நம் திருநெல்வேலி ஜில்லாதான். நபிகளின் பிறப்பு, முதல் காண்டமான விலாதத்துக் காண்டத்தில் வருகிறது. அதில் நாட்டுப்படலத்தை மட்டுமாவது படியுங்கள். அரபு நாட்டில் மலைமேல் மழை கொட்டுகிறது, வெள்ளம் இறங்கி வயலில் பாய்கிறது, உழத்தியர் நாற்று நடுகிறார்கள். மக்காவில் ஏது நெல் வயல் என்று என் மாணவிகள் சிரிப்பார்கள். புலவர் இருந்த எட்டயபுரமே கரிசல் காடு, மழைக்கு வானம் பார்க்கும் பூமி. அவர் எந்த ஆற்றை மனத்தில் வைத்து எழுதினார் என்று தாமிரபரணிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா?

கேள்வி: மீலாது விருந்துக்கு நண்பர் அழைத்திருக்கிறார். என்ன வாங்கிப் போவது? வாழ்த்து எப்படிச் சொல்வது?
- ஒரு வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: 'மீலாது வாழ்த்துகள்' போதும். பழம் வாங்கிப் போங்கள். அல்வா வேண்டாம், திருநெல்வேலிக்காரர் வீட்டில் அது முன்பே இருக்கும். ஒரு மணிக்கு வரச் சொன்னால் ஒரு மணிக்கே போய்விடுங்கள், ஆறிய நெய்ச்சோற்றில் ருசி இல்லை.