பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். ஆங்கிலத்தில் ஏ எடுத்தவரும் மூவெட் தேர்வில் திணறுவது ஏன்?

மூவெட் என்பது, மலேசியப் பல்கலைக்கழகங்களில் படிக்க நம் ஆங்கிலம் போதுமா என்று பார்க்கும் தேர்வு. கேட்டல், பேசுதல், வாசித்தல், எழுதுதல் நான்குக்கும் தலா 90 மதிப்பெண். பள்ளியில் பழகிய தலைப்பில் எழுதினோம். இங்கே புதிய விஷயத்தைப் புரிந்துகொண்டு காரணத்தோடு வாதாட வேண்டும். தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிக்குள் மோட்டார் ஓட்டுவதும், பினாங்குப் பாலத்தில் காற்று தள்ளத் தள்ள ஓட்டுவதும் ஒன்றா? வண்டி அதேதான், பழக்கம்தான் வேறு.

தினமும் ஓர் ஆங்கிலச் செய்தியைப் படித்துவிட்டு, தாளை மடித்து வையுங்கள். அப்புறம் எழுதியவர் சொன்னது என்ன, அதை நீங்கள் ஏன் ஏற்கிறீர்கள் அல்லது மறுக்கிறீர்கள் என்று நாலு வரி எழுதுங்கள். முதல் வாரம் கை ஓடாது, பரவாயில்லை.

வெள்ளைக்காரரைப் போல் உச்சரித்தால்தான் பேச்சுத் தேர்வில் மதிப்பெண் என்று பலர் பயப்படுகிறார்கள். அது தேவையில்லை, நம் உச்சரிப்பிலேயே தெளிவாகப் பேசலாம்.