எல்.கே.ஜி.யில் சாமியும் பென்சிலும்: பெற்றோர் கேள்வி பதில்

வேலூரில் அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளி ஒன்றில் 29 வருடம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. மிஸ்ஸாக இருந்தேன். பிள்ளையைச் சேர்க்கப் போகிறவர்கள் கேளுங்கள். சீட்டுக்குச் சிபாரிசு மட்டும் கேட்காதீர்கள்.

கேள்வி (சத்துவாச்சாரி): நாங்க இந்துக் குடும்பம். பாப்பாவை ஜெபம் சொல்ல வைப்பாங்களா மிஸ்?

பதில்: காலையில் ஜெபம் இருக்கும். கத்தோலிக்கப் பிள்ளைகள் சிலுவை அடையாளம் போடுவார்கள், மற்றப் பிள்ளைகள் கைகூப்பி நிற்பார்கள். பெரிய வகுப்பு போனதும் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி என்கிற சமயப் பாடம், மற்றவர்களுக்கு நன்னெறி என்று எங்கள் பள்ளியில் பிரித்துவிடுவோம். அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பெற்றவர்கள் சம்மதம் இல்லாமல் பிள்ளையைச் சமய போதனையில் கலந்துகொள்ளச் சொல்லக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 28(3) பிரிவே சொல்கிறது. சேர்க்கும் அன்றே பள்ளித் தலைமைச் சகோதரியான மதரிடம் உங்கள் விருப்பத்தைச் சொல்லிவிடுங்கள். ஆனால் பக்கத்தில் இருப்பவள் செய்வதைப் பார்த்து உங்கள் பாப்பாவும் வீட்டில் சிலுவை போட்டுக் காட்டலாம். அதற்காகத் திட்டாதீர்கள். அந்த வயதில் பார்த்ததைச் செய்வதுதான் படிப்பு.

கேள்வி (காட்பாடி): எல்.கே.ஜி.யிலேயே எழுதச் சொல்லித் தருவீங்களா?

பதில்: முதலில் விரல் தயாராகணும். களிமண் உருட்டுவது, மணி கோப்பது, காகிதம் கிழிப்பது. பிறகு ஸ்டாண்டிங் லைன், ஸ்லீப்பிங் லைன், ஸ்லாண்டிங் லைன். அதற்கும் பிறகுதான் எழுத்து. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் உப்புத்தாளில் எழுத்து வெட்டி ஒட்டி, பிள்ளை அதை விரலால் தடவிப் பழக வைத்தார். கத்தோலிக்கப் பெண்மணி. 1907இல் ரோமில் ஏழைப் பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கி, 1939இல் நம் அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். நம் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதியதும் இதே வழிதான். வீட்டில் ஒரு தட்டில் ரவை பரப்பிக் கொடுங்கள். பென்சிலுக்கு அவசரப்படாதீர்கள்.

கேள்வி (ஆற்காடு): கத்தோலிக்கப் பள்ளின்னா பைபிள் மனப்பாடமா? பத்துக் கட்டளை எல்லாம் உண்டா?

பதில்: இல்லை. சிலுவை அடையாளம், சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்ன ஜெபம், காவல் தூதர், டிசம்பரில் குடில். கதை என்றால் படைப்பின் கதை, நல்ல ஆயன் கதை. நல்லது கெட்டதைப் பகுத்தறியும் பக்குவம் ஏழு வயதையொட்டி வருகிறது என்று 1910இல் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் சொன்னார். அதனால் பாவம், பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவத்தைச் சொல்வது), புதுநன்மை (முதல் முறை நற்கருணை வாங்குவது) எல்லாம் பாலர் வகுப்பைத் தாண்டித்தான்.

நல்ல ஆயன் கதையை மட்டும் கொஞ்சம் சொல்லணும். ஆயன் என்றால் மேய்ப்பர், இயேசு. நூறு ஆட்டில் ஒன்று தொலைந்தாலும் அதைத் தேடிப் போகிறவர். ரோமில் சோபியா கவல்லெட்டி என்ற வேதாகம அறிஞர் 1954 முதல் சின்னப் பிள்ளைகளோடு இருந்து கவனித்து, ஆறு வயதுக்குள் இருப்பவர்கள் இந்தக் கதையில்தான் அதிகம் ஒட்டிக்கொள்கிறார்கள் என்று கண்டார். ஆயன் ஆட்டைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார் என்ற இடத்தில் என் வகுப்பும் அப்படியே அமைதியாகிவிடும். ஒடுகத்தூர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், தாத்தா ஆடு மேய்ப்பவர், எழுந்து நின்று கேட்டான்: “மிஸ், ஒண்ணத் தேடிப் போனா மீதி 99 ஆட்ட யாரு பாத்துப்பாங்க?” அன்று வகுப்பு முழுக்க அந்தக் கேள்விதான். ஒரு பிள்ளை ‘நாய் பார்த்துக்கும்’ என்றது. இன்னொரு பிள்ளை ‘ஆடுங்களே ஒண்ணுக்கொண்ணு பார்த்துக்கும்’ என்றது. எந்தப் பதிலையும் நான் திருத்தவில்லை.

கேள்வி (வாலாஜா): எழுத்து எப்போ ஆரம்பிப்பாங்க?

பதில்: காட்பாடிக்காரருக்குச் சொன்னதுதான். ரவைத் தட்டு.

கேள்வி (ராணிப்பேட்டை): என் பையனுக்கு இடது கைப் பழக்கம். நாங்க ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). இடது கையால சிலுவை போட்டான்னு என் மாமியார், “சாமி கண்ணைக் குத்தும்”னு சொல்லிட்டாங்க. இப்போ ஜெபம்னாலே கையைப் பின்னால மறைச்சுக்கிறான்.

பதில்: பாவம் குழந்தை. இந்த வார்த்தையைத்தான் நான் 29 வருடமாகச் சொல்லாதீர்கள் என்று கெஞ்சுகிறேன். நல்ல ஆயன் என்று நாங்கள் காலையில் சொல்ல, கண்ணைக் குத்துகிற சாமி என்று சாயந்திரம் வீட்டில் சொன்னால் பிள்ளை எதை நம்பும்?

குடியாத்தம் பெரியவர்: அப்படிச் சொல்லித்தான் எங்க அம்மா என்னை வளர்த்தாங்க. நான் கெட்டா போயிட்டேன்? பயம் வேணும் டீச்சர்.

பதில்: ஐயா, நீங்கள் பெரியவர். உங்கள் அம்மா அதைச் சொன்ன கையோடு உங்களை மடியில் வைத்துக் கொஞ்சியும் இருப்பார். இந்தப் பையன் கையை மறைக்கிறான். அவன் கற்றுக்கொண்டது ஒழுக்கம் இல்லை, ஒளிவதுதான்.

பாகாயம் அப்பா: சிலுவைக்கு வலது கைதான்னு நீங்களே சொல்லித் தர்றீங்க. அப்போ எழுதவும் வலது கைன்னு மாத்தினா என்ன தப்பு?

பதில்: இரண்டும் வேறு. சிலுவை போடுவது வழிபாட்டு முறை. நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று ஒரு நொடி வேலை. எழுதுவது நாள் முழுக்க, வருடக்கணக்கில். அதில் கையை மாற்றினால் பிள்ளைக்கு வேகமும் போகும், ஆசையும் போகும். நான் மாற்றியதே இல்லை.

ராணிப்பேட்டை அம்மா, இன்னொன்றும் கவனியுங்கள். எதிரே நின்று சிலுவை போட்டுக் காட்டினால் பிள்ளை கண்ணாடியில் பார்ப்பது மாதிரி மாற்றித்தான் போடும். வலது கைப் பிள்ளைகளே அப்படிச் செய்வார்கள். அதனால் நான் மாதா சுரூபத்தைப் பார்த்தபடி, பிள்ளைகளுக்கு முன்னால் முதுகு காட்டி நின்றுதான் சொல்லிக்கொடுப்பேன். நீங்களும் அவன் பக்கத்தில் நின்று, அவன் வலது கையை உங்கள் கைக்குள் வைத்து மெதுவாகப் போடுங்கள். இடது கையால் போட்டாலும் ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். மாமியாரையே கூப்பிட்டு, “சாமி உன்னைக் கோவிச்சுக்கல கண்ணு”ன்னு அவர் வாயால் சொல்லச் சொல்லுங்கள். பயமுறுத்தியவர் சொன்னால்தான் அது போகும்.

குடியாத்தம் பெரியவர்: கடைசியா சொன்னது சரி.

கேள்வி (தொரப்பாடி): சிலுவை போடும்போது பாட்டி ‘பிதா, சுதன்’னு சொல்றாங்க, பள்ளியில ‘தந்தை, மகன், தூய ஆவியார்’. குழம்பாதா?

பதில்: குழம்பாது. இரண்டும் ஒன்றே, பழைய தமிழும் புதுத் தமிழும். இரண்டையும் சொல்லட்டும்.

கேள்வி (பேர்ணாம்பட்டு): வீட்டுல உருது. தமிழும் இங்கிலீஷும் சேர்ந்தா தாங்குமா?

பதில்: தாங்கும். வீட்டில் உருதுவிலேயே நிறையப் பேசுங்கள், கதை சொல்லுங்கள். வீட்டுப் பேச்சு நிறைந்த பிள்ளைக்குத்தான் மற்ற மொழி சீக்கிரம் வரும்.

கேள்வி (சேண்பாக்கம்): 25 சதவீத ஆர்.டி.இ. சீட் கிடைக்குமா?

பதில்: எங்களுடையது மாதிரி சிறுபான்மைப் பள்ளிகளுக்கு ஆர்.டி.இ. என்கிற கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மற்றத் தனியார் பள்ளிகளில் பாருங்கள்.

கேள்வி (அணைக்கட்டு): பக்கத்து வீட்டுப் பிள்ளை 100 வரைக்கும் எழுதுது. எங்க பையனுக்கு எழுத்து எப்போ?

பதில்: மூன்றாவது முறை. மேலே காட்பாடிக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள் அம்மா. 100 எழுதுகிற பிள்ளையிடம் ஐந்து புளியங்கொட்டை எண்ணி எடுத்துத் தரச் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி (காங்கேயநல்லூர்): முதல் நாள் அழுதா என்ன பண்றது?

பதில்: அழும். சாயந்திரம் யார் கூப்பிட வருவீர்கள் என்று சொல்லிவிட்டு, கேட்டில் ஆயாம்மா கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். ஜன்னல் பக்கம் நின்று எட்டிப் பார்க்காதீர்கள், உங்கள் தலை தெரிந்தால் மறுபடி ஆரம்பிக்கும். “அழுதா மிஸ் அடிப்பாங்க”ன்னும் சொல்லி அனுப்பாதீர்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே வந்து நில்லுங்கள்.