ரோத்ரிகோ கில்லின் வர்க்கமூலம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பெயினின் செகோவியா பேராலயம் பற்றிய கட்டுரையில் அதைக் கட்டியவர்களைத் ‘தலைமை மேஸ்திரி’ என்று எழுதியிருந்தீர்கள். கட்டடக் கலைஞர் என்பதல்லவா பொருத்தம்? பொறியியல் கணிதம் இல்லாத காலத்தில் ஒரு தூணின் பருமனை எப்படி முடிவுசெய்தார்கள்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்பானிய மொழியில் ‘மாயெஸ்த்ரோ மயோர்’ என்பதே அவர்கள் வகித்த பதவியின் பெயர். நம் ‘மேஸ்திரி’ போர்த்துகீசிய ‘மெஸ்த்ரே’யிலிருந்து வந்தது, இரண்டுக்கும் லத்தீன் வேர் ஒன்றே என்பதால் தெரிந்தேதான் அப்படி எழுதினேன்.

உங்கள் இரண்டாவது கேள்வி அவர்களையும் வாட்டியிருக்கிறது. செவில் பேராலயத்தின் நடுக்கோபுரம் கட்டி முடித்த ஐந்தே ஆண்டுகளில், 1511 டிசம்பர் 28 அன்று, இடிந்து விழுந்தது. அதைத் தாழ்வாக மாற்றிக் கட்டியவர் ஹுவான் கில் தெ ஒந்தன்யோன் (அதுவும் 1888இல் விழுந்தது). 1525இல் செகோவியாவில் பணியைத் தொடங்கியவரும் அவரே. அவருடைய மகன் ரோத்ரிகோ கில் எழுதிய குறிப்புகள், 1681இல் சிமோன் கார்சியா தொகுக்கத் தொடங்கிய கைப்பிரதிக்குள் பிழைத்திருக்கின்றன.

அதிலுள்ள ஒரு விதி இது: தூணின் உயரத்தையும், வளைகூரையின் ஒரு கட்டத்தின் (தூண்களுக்கு இடைப்பட்ட ஒரு பகுதியின்) நீள அகலங்களையும் அடிக்கணக்கில் கூட்டி, வர்க்கமூலம் எடுத்து, அதில் பாதியைத் தூணின் விட்டமாகக் கொள்ள வேண்டும். கூட்டுத்தொகை 100 அடி என்றால் தூண் 5 அடி. அதே கட்டடத்தை அரையடிக் கோலால் அளந்து கணக்கிட்டால் கூட்டுத்தொகை 200, அதன் வர்க்கமூலத்தில் பாதி சுமார் 7 அரையடி; தூண் ஏறக்குறைய மூன்றரை அடியாக இளைத்துவிடும்! நீளத்துக்கு வர்க்கமூலம் எடுத்தால் கிடைப்பது நீளமல்ல என்பதால் வரும் கோளாறு இது. அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்திய காஸ்டிலிய அடிக்கோலைக் கைவிடாதவரை அது வெளியே தெரியாது. ஏற்கெனவே உறுதியாக நின்றுகொண்டிருந்த கட்டடங்களின் அளவுகளுக்குப் பொருந்தும்படி அவர் தேடிக் கண்ட விதி என்றே நான் நினைக்கிறேன்.

வளைகூரையின் உந்துதலைத் தாங்கும் முட்டுச்சுவர் விஷயத்தில் அவர் இன்னும் வெளிப்படையானவர். எவ்வளவு கனம் வேண்டும் என்பதற்குப் பலமுறை முயன்றும் போதுமான விதி கிடைக்கவில்லை என்றும், ஸ்பானிய, அயல்நாட்டுக் கட்டடக் கலைஞர்களிடையே தேடியும் அவரவர் சொந்த மதிப்பீட்டைத் தாண்டிச் சரிபார்க்கப்பட்ட விதி எவரிடமும் இல்லை என்றும் எழுதுகிறார். (இங்கே கட்டடக் கலைஞரைக் குறிக்கும் ‘அர்கிதெக்தோ’ என்ற சொல்லையே ஆள்கிறார், உங்கள் பக்கமும் நியாயம் உண்டு.) சிலர் வளைகூரை அகலத்தில் நான்கில் ஒரு பங்கைக் கனமாகக் கொடுத்துவிட்டு அதையே உறுதியென்று நம்பியிருந்தார்கள் என்கிறார். இதை எழுதியவர் சாலமங்கா, செகோவியா ஆகிய இரு பேராலயங்களுக்கும் தலைமை மேஸ்திரியாக இருந்தவர்.