மலையில் பிறந்தவளுக்குக் கப்பல் வழக்கு எதற்கு?

அன்புள்ள ஐயா,
நான் அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவள். கொழும்பில் சட்டம் படித்து முடிக்கிறேன். கப்பல் வழக்குகளில் நீண்ட அனுபவமுள்ள சட்டத்தரணி ஒருவரிடம் ஜூனியராகச் சேர இடம் கிடைத்திருக்கிறது. “தொழில் வழக்குப் பழகினால் நம்ம சனத்துக்கு உதவும், மலையில் பிறந்தவளுக்குக் கடல் எதுக்கு?” என்கிறார் மாமா. என்ன செய்யட்டும்?
— ஒரு வாசகி

அன்புள்ள மகளுக்கு,

சேர்ந்துவிடுங்கள். மாமாவின் அக்கறை நியாயமானது. ஆனால் நம் கொழுந்து தூளாகி, கொழும்பு ஏலத்தில் விலைபோய், கடைசியில் கப்பல்தானே ஏறுகிறது? கொண்டெய்னருக்குள் தண்ணீர் புகுந்து தேயிலை கெட்டால், அதுவும் கப்பல் வழக்குதான். கப்பல் சரக்குக்கான சர்வதேச விதிகளான ஹேக் விதிகளின்படி ஒரு வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால் உரிமை போய்விடும்.

இந்தத் துறையின் உயிர், கப்பலையே பிரதிவாதியாக்குவதில் இருக்கிறது. முதலாளி ஒரு நாட்டில், கொடி இன்னொரு நாட்டுடையது. கப்பல் மட்டும் இன்றைக்குக் கொழும்புத் துறைமுகத்தில் நிற்கிறது, விடிந்தால் போய்விடும். அதற்குள் மனுவும் சத்தியக்கடதாசியும் தயாராகி, மேல் நீதிமன்றத்தில் கப்பலைத் தடுத்துவைக்கும் ஆணை வாங்க வேண்டும். 1983இன் 40ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழி தருகிறது. பிணை கட்டினால் கப்பல் போகலாம். அந்த நிதானமான வேகம் அனுபவசாலியின் பக்கத்தில் இருந்துதான் கைவரும்.

எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பல் 2021இல் நம் கடலில் எரிந்து மூழ்கியது. லண்டன் நீதிமன்றம் உரிமையாளரின் பொறுப்பைச் சுமார் 1.9 கோடி பவுணுக்குள் மட்டுப்படுத்தியது. நம் உயர் நீதிமன்றமோ 2025இல் 100 கோடி டொலர் கட்டச் சொன்னது. அதனால் பாதிக்கப்பட்ட நீர்கொழும்பு மீனவர்களுக்காக இந்தச் சட்டம் தெரிந்தவர்கள் நமக்கு இன்னும் நிறைய வேண்டும்.

அப்புறம், மாமாவுக்கு நான் சொல்ல விரும்புவது சம்பள விஷயம். மாலுமியின் சம்பளப் பாக்கி கப்பலோடு ஒட்டிக்கொண்ட உரிமை. கப்பல் வேறு கைக்கு விலைபோனாலும் அது அழியாது. நீதிமன்றம் கப்பலை ஏலம் விட்டால், அடமானம் வைத்திருக்கும் வங்கிக்கு முன்னால் மாலுமிக்குக் காசு கிடைக்கும். நாட்சம்பளம் 1000 ரூபா என்று வர்த்தமானியில் வருவதற்கே 2021 வரை காத்திருந்த சனம் நாம். சேமலாப நிதிப் பாக்கிக்காக அலைந்த பெரியவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தோட்டம் கைமாறினாலும் தொழிலாளியின் பாக்கி அதோடு சேர்ந்தே போக வேண்டும் என்று கேட்க, கப்பல் சட்டம் தெரிந்த மலையகத்துச் சட்டத்தரணியைவிடப் பொருத்தமானவர் யார்?

முதல் வருடங்களில் வருமானம் குறைவாகத்தான் இருக்கும், ஒப்பந்தங்களெல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும். சரி, அதைப் பழகிக்கொள்ளலாம். சேர்ந்ததும் முடிந்துபோன மாலுமி சம்பள வழக்கு ஒன்றின் தீர்ப்பைச் சீனியரிடம் கேட்டு வாங்கி வாசியுங்கள். ஊருக்கு வரும்போது மாமாவுக்கும் அதை விளக்கிச் சொல்லுங்கள்.