முனைவர் பட்ட ஆய்வு: வாசகர் கேள்விகள்

கேள்வி: எம்.ஏ. தமிழ் முடித்திருக்கிறேன். ‘தமிழ் இதழ்களில் பெண்கள்’ என்று ஆய்வுத் தலைப்பு எழுதிக் கொடுத்தேன். சுருக்கிக்கொண்டு வரும்படி நெறியாளர் திருப்பிவிட்டார். எவ்வளவுதான் சுருக்குவது?
– வாசகி, சிவகங்கை

பதில்: நெறியாளர் சொன்னது சரி. இதழ், காலம், பொருள் மூன்றுக்கும் எல்லை வேண்டும். ‘குடிஅரசு இதழில் கைம்பெண் மறுமணம், 1925–1933’ என்று வைத்துப் பாருங்கள். பெரியார் 1925 மே மாதம் தொடங்கிய வார இதழ் அது. 1933 இறுதியில் நின்று, அதன் இடத்தில் ‘புரட்சி’ வந்தது. ‘ஏன் 1933-இல் நிறுத்தினீர்கள்?’ என்று வாய்மொழித் தேர்வில் கேட்டால் இதழின் வரலாறே பதில் சொல்லும்.

அடுத்து, கணக்குப் போடுங்கள். எட்டரை ஆண்டு, வாரம் ஒன்று என்றால் ஏறத்தாழ 440 இதழ்கள். நாளுக்கு நான்கு படித்துக் குறிப்பெடுத்தால் 110 வேலைநாள், அதாவது ஐந்து மாதம். இது முடிகிற வேலை. பத்து வெவ்வேறு பத்திரிகைகளை எடுத்துக்கொண்டவர்கள்தான் மூன்றாம் ஆண்டிலும் குறிப்பு எடுத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

முன்மொழிவு எழுதும் முன்பே நூலகத்துக்குப் போய்விடுங்கள். சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் எந்தெந்த ஆண்டு இதழ்கள் இருக்கின்றன, எவை விடுபட்டிருக்கின்றன என்று பட்டியல் எடுங்கள். அரசாணைகளுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம். தொகுப்பு நூல்களை மட்டும் நம்ப வேண்டாம். கட்டுரைகள் அவற்றில் கிடைக்கும், ஆனால் விளம்பரங்களும் சிறு அறிவிப்புகளும் பெரும்பாலும் இருக்காது. உங்கள் பொருளுக்குத் திருமணச் செய்திகள்தான் உயிர். ஒவ்வொரு குறிப்பிலும் நாள், மலர், இதழ், பக்கம் நான்கையும் அப்போதே எழுதிவிடுங்கள். பக்க எண்ணுக்காக மறுபடி பேருந்து ஏறுவது வீண் அலைச்சல்.

இதே பொருளில் ஆய்வேடு வந்திருக்கிறதா என்று இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்து வைத்திருக்கும் ‘சோத்கங்கா’ இணையதளத்தில் தேடுங்கள். தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தேட வேண்டும். ஒரே பெயரைப் பலவிதமாகப் பதிந்திருப்பார்கள்.

கேள்வி: நெட் (தேசியத் தகுதித் தேர்வு) தேர்வில் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெற்றிருக்கிறேன். அது எவ்வளவு காலம் செல்லும்?
– வாசகர், தென்காசி

பதில்: ஓராண்டு. சேர்க்கையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70 சதவீதம், நேர்முகத்துக்கு 30 சதவீதம். இடம் காலியாக உள்ள நெறியாளரை இப்போதே தேடுங்கள். 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஒரே நேரத்தில் பேராசிரியர் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வுக்கு மூன்றாண்டுக்கும் குறைவாக உள்ளவர் புதியவரைச் சேர்க்க முடியாது.

கேள்வி: ஆய்வேடு பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று மென்பொருளால் பார்க்கும் ஒப்புமைச் சோதனையில் 14 சதவீதம் வந்திருக்கிறது. பட்டம் போய்விடுமா?
– வாசகி, ஈரோடு

பதில்: போகாது. யுஜிசியின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை. அதற்கு மேல் 40 வரை, திருத்தி ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்க வேண்டும். முதலில் அறிக்கையில் நிறமிட்ட வரிகளைப் பாருங்கள். உரிய சான்றுடன் காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் கணக்கில் சேரக் கூடாது. மேற்கோள் குறி இல்லாமல் செய்யுளைத் தந்திருந்தால் மென்பொருள் அதையும் எண்ணிவிடும். குறியிட்டுப் பாடல் எண்ணும் தாருங்கள். மீதி பெரும்பாலும் முன்னாய்வுகளைச் சொல்லும் முதல் இயலில்தான் இருக்கும். அங்கே சொற்களை மாற்றி ஒட்டுப்போடாமல், மூலத்தை மூடிவைத்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.