ஒற்றைப்படை எண்களில் என்ன வினோதம்? விசித்திரக் கேள்விக்கு விண்ணப்பக் கட்டுரை எழுதுவது எப்படி

கேள்வி: இளநிலைப் படிப்புக்கு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறேன். சிகாகோ பல்கலைக்கழகம் தன் பழைய கட்டுரைக் கேள்விகளில் ஒன்றையும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. "ஒற்றைப்படை எண்களில் அப்படி என்ன வினோதம்?" என்பதை எடுத்து, வகுப்பில் நான் எப்படித் தனித்து நின்றேன் என்று எழுதினேன். படித்துப் பார்த்த ஆசிரியை, "நல்லாத்தான் இருக்கு, ஆனா மனசுல எதுவும் நிக்கல" என்கிறார். கணக்கும் பிடிக்கும், எழுதவும் பிடிக்கும். எங்கே பிசகினேன்?

பதில்: கேள்வியைப் படித்த இடத்திலேயே பிசகு நடந்துவிட்டது. ஆங்கிலத்தில் 'ஆட்' என்ற சொல்லுக்கு ஒற்றைப்படை, விசித்திரம் என்று இரண்டு பொருள். கேள்வியே அந்தச் சிலேடையில்தான் நிற்கிறது. சிலேடையைக் கண்டதும் பெரும்பாலானவர்கள் "நானும் ஓர் ஒற்றைப்படைதான்" என்று தாவிவிடுவார்கள். அதோடு எண் காணாமல் போய், 'நான்' மட்டும் மிஞ்சுகிறது. உங்களுக்கு முதலில் தோன்றியது மற்றவர்களுக்கும் முதலில் தோன்றும். அதனால்தான் ஆசிரியை மனதில் எதுவும் நிற்கவில்லை.

உங்களைப் பற்றிச் சொல்ல வேறு இடம் இருக்கிறது. காமன் ஆப் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே படிவத்தில் விண்ணப்பிக்க உதவும் இணையத்தளம்) வழியாக அனுப்பும் பொதுக் கட்டுரை 250 முதல் 650 சொற்கள் வரை போகலாம். ஏன் இந்தப் பல்கலைக்கழகம் என்று சிகாகோ தனியாகவும் கேட்கிறது. விசித்திரக் கேள்வியில் அவர்கள் பார்க்க விரும்புவது ஒன்றே ஒன்று: கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் உங்கள் யோசனை எப்படி நடக்கிறது? எனவே கட்டுரையின் கடைசிப் பத்தியில் நீங்கள் நிற்கும் இடம், முதல் பத்தியில் நின்ற இடமாக இருக்கக் கூடாது. நடுவில் எங்கோ யோசனை திரும்ப வேண்டும். மற்ற எல்லாம் இதற்கு அடுத்ததுதான்.

செய்முறைக்கு வருவோம். ஒரு தாளில், 20 நிமிடத்துக்குள், கேள்விக்குப் பதினைந்து விடைகள் எழுதுங்கள். அசட்டுத்தனமானவையும் இருக்கட்டும். பிறகு முதல் ஐந்தை அடித்துவிடுங்கள். அவை எல்லோருக்கும் வருபவை. மீதமுள்ளவற்றில், எந்தப் புத்தகத்தையும் திறக்காமல் பத்து நிமிடம் பேசக்கூடியது எது என்று பாருங்கள். ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு வற்றினால் அந்த விடை ஒரு முழுக் கட்டுரையைத் தாங்காது.

உங்கள் கேள்வியையே வைத்துப் பார்க்கலாம். கணக்குப் பிடிக்கும் என்பதால், 1, 3, 5, 7 என்று ஒற்றைப்படை எண்களை வரிசையாகக் கூட்டினால் 1, 4, 9, 16 என்று வர்க்க எண்களாகவே வருவது நினைவுக்கு வந்திருக்கும். அழகான உண்மைதான். ஆனால் அதை மட்டும் விளக்கினால் அது பாடநூல் பக்கம் ஆகிவிடும். உண்மைக்கு எதிரே உரசிப் பார்க்க இன்னொன்று வேண்டும்.

வேறொரு வழி. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 9 நீதிபதிகள். எதற்கு ஒற்றைப்படை? சமநிலையில் முட்டி நிற்காமல் 5-4 என்றாவது ஒரு தீர்ப்பு வரட்டும் என்று தோன்றும். முதல் நகர்வு இது: ஒற்றைப்படை, முடிவெடுக்கும் எண். ஆனால் அதே நாட்டில் கடுமையான குற்ற வழக்குகளில் தீர்ப்புச் சொல்ல உட்காரும் பொதுமக்கள் குழுவான ஜூரி பெரும்பாலும் 12 பேர். அது இரட்டைப்படை. அங்கே 6-6 என்று பிரிந்துவிடுமோ என்று யாரும் அஞ்சுவதில்லை. ஏனென்றால் 11-1 ஆனாலும் போதாது, எல்லோரும் ஒருமித்துச் சொல்ல வேண்டும். இங்கேதான் யோசனை திரும்புகிறது: கருத்து ஒன்றாகாது என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்ட இடத்துக்குத்தான் ஒற்றைப்படை தேவைப்படுகிறதா? மூன்றாவதாக ஓர் இடறல்: நீதிபதி ஒருவர் விலகிக்கொண்டால் 9 பேர் 8 ஆகிவிடுவார்கள். 4-4 என்று பிரிந்தால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு அப்படியே நிற்கும், பின்னால் வரும் வழக்குகளுக்கு அது முன்னுதாரணமும் ஆகாது. அப்படியென்றால் ஒற்றைப்படையின் பலமே எல்லோரும் வந்து உட்கார்வதில்தான் இருக்கிறது. இந்த இடத்தில், நீங்கள் இருந்த ஏதாவது ஒரு குழுவில் வாக்கு முட்டி நின்ற தருணத்தை நாலு வரியில் கொண்டுவரலாம். 'நான்' அப்போது தானாக வந்து சேரும், இழுத்து வர வேண்டியதில்லை.

(இதை அப்படியே எடுத்து எழுதிவிடாதீர்கள். நகர்வு எப்படி இருக்கும் என்று காட்டத்தான் சொன்னது.)

முதல் வரைவை 900 சொல்லுக்கு எழுதி 650க்குக் குறையுங்கள். ஒன்றிரண்டு பக்கம் போதும். வெட்டும்போது முதலில் கை வைக்க வேண்டியது தொடக்கத்தில். கேள்வியைத் திருப்பிச் சொல்வது, அகராதிப் பொருளில் ஆரம்பிப்பது, "சிறு வயதிலிருந்தே" என்று இழுப்பது ஆகிய மூன்றும் போகட்டும். 70 சொல்லுக்குள் வாசகர் விஷயத்துக்குள் இருக்க வேண்டும். அடுத்து கடைசிப் பத்தி. நீதி சொல்லும் வரியை வெட்டிவிட்டு, அதற்கு முந்தைய வரியில் முடித்துப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே சரியான முடிவாக இருக்கும்.

வடிவ விளையாட்டு பலரைக் கவிழ்க்கிறது. சமையல் குறிப்பாக, நாடகமாக, நீதிமன்ற விசாரணையாக எழுதலாமா என்று ஆசை வரும். ஒரு சோதனை: அந்த வடிவத்தை உரித்துவிட்டுச் சாதாரணப் பத்தியாக எழுதிப் பாருங்கள். யோசனை அப்போதும் நின்றால், வடிவம் இருக்கட்டும். நிற்காவிட்டால் வடிவம் வெறும் ஒப்பனை. நகைச்சுவைக்கும் இதே அளவுகோல். முதல் பக்கத்தில் சிரிக்க வைத்த ஜோக் இரண்டாம் பக்கத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் சலிப்புதான்.

வேறு கல்லூரிக்கு எழுதியதைத் தலையை மட்டும் மாற்றி ஒட்டுவது எளிதில் தெரிந்துவிடும், ஏனென்றால் கேள்வியின் சொல் இரண்டாம் பத்தியோடு மறைந்துவிடும். ஒவ்வொரு பத்தியிலும் 'இது ஒற்றைப்படையைப் பற்றியதுதானா?' என்று கேட்டுப் பாருங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவி எழுதித் தந்ததைச் சொந்த எழுத்தாக அனுப்புவதைக் காமன் ஆப் மோசடி வகையில் சேர்த்திருக்கிறது. அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

வரைவை இரண்டு பேரிடம் மட்டும் கொடுங்கள். ஒருவர் உங்களை நன்கு அறிந்தவர், மற்றவர் அறியாதவர். ஐந்து பேரிடம் கொடுத்தால் ஐந்து பேரின் வரிகள் உள்ளே வந்து, உங்கள் குரல் கரைந்துவிடும். "நல்லா இருக்கா?" என்று கேட்காதீர்கள். "எந்த இடத்தில் கவனம் சிதறியது? எந்த வரி நினைவில் இருக்கிறது?" என்று கேளுங்கள். அறியாதவருக்கு ஒரு வரிகூட நினைவில் இல்லையென்றால் பதினைந்து விடைகள் எழுதிய தாளுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முன்கூட்டிய விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் தொடக்கத்தில் வரும், சரியான தேதியைப் பல்கலைக்கழகத் தளத்தில் பாருங்கள். அதிலிருந்து பின்னோக்கி மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள்: விடையைத் தேர்ந்தெடுக்கவும் முதல் வரைவு எழுதவும் ஒரு வாரம், தாளைத் தொடாமல் வைக்க நான்கு நாள், மீதி திருத்த. அந்த நான்கு நாளைத் தியாகம் செய்யாதீர்கள், உங்கள் எழுத்தை அந்நியராகப் படிக்க வேறு வழியில்லை. அனுப்பும் முன் வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். மூச்சு முட்டும் வாக்கியத்தை இரண்டாக உடையுங்கள். பழைய கேள்வியை எடுத்திருப்பதால் அதை முழுதாகக் கட்டுரைக்கு மேலே எழுதிவிடுங்கள்.